பழி எங்கே போய்ச் சேருகிறது?
அமைப்பு குறித்த ஆங்கில மரபுத்தொடர்கள் பற்றி ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவு



மொழியும் சமூகமும் சந்திக்கிற ஏதேனும் ஒரு பொருளைப் பற்றிப் பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் விதி. நான் எடுத்துக்கொண்டிருப்பது அமைப்பைப் பற்றி, அதாவது 'சிஸ்டம்' பற்றி, ஆங்கிலத்தில் வழங்கும் மரபுத்தொடர்கள். அகராதியைப் போல அவற்றை வரிசையாக அடுக்கிப் பொருள் சொல்லிக்கொண்டு போனால் உங்கள் மாலை வீணாகிவிடும். ஆகவே ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு சில தொடர்களை மட்டும் பார்க்கிறேன். ஓர் அமைப்பில் தவறு நேர்கிறது. மனிதர்கள் பாதிக்கப்படுகிறார்கள். அப்போது நாம் எடுத்துப் பேசும் தொடர், பழியை யார் தலையில் இறக்கி வைக்கிறது? யாரைத் தப்ப விடுகிறது?

1. முகமில்லாத ஒன்று

ஆங்கிலத்தில் உடம்பும் ஒரு சிஸ்டம்தான். மனத்தில் கிடந்து உறுத்தும் ஆசையையோ ஆத்திரத்தையோ ஒருமுறை தீர்த்துத் தொலைத்துவிடு என்பதற்கு 'கெட் இட் அவுட் ஆஃப் யுவர் சிஸ்டம்' என்பார்கள். எந்திரத் தொகுதியும் சிஸ்டம்தான். 1960-களின் அமெரிக்க விண்வெளிப் பயணங்களின்போது, ஏவுவதற்கு முன் ஒவ்வொரு பிரிவும் தன் பங்கு சரியாக இருக்கிறதென்று ஒப்புதல் சொல்லும். அதைக் கேட்டுப் பழகிய மக்கள், கல்யாண வேலை முடிந்தாலும் கடை திறக்கத் தயாரானாலும் 'ஆல் சிஸ்டம்ஸ் கோ' என்று சொல்லத் தொடங்கினார்கள்.

முன்னால் 'தி' சேர்ந்து 'தி சிஸ்டம்' என்று ஆகும்போதுதான் முகம் மாறுகிறது. சரியாகச் சொன்னால், முகம் போய்விடுகிறது. அது என் தலைக்கு மேலே இருப்பது, என்னால் அசைக்க முடியாதது. 'பீட் தி சிஸ்டம்' என்றால் அதற்குத் தண்ணி காட்டுவது. 'கேம் தி சிஸ்டம்' என்றால் விதியை மீறாமலே விதியின் நோக்கத்தைத் தோற்கடிப்பது. 'ஃபைட் தி சிஸ்டம்' என்றால் மோதுவது. ஏமாற்றலாம், விளையாடலாம், மோதலாம். கேள்வி கேட்கலாம், பதில் வாங்கலாம் என்பதற்கு மட்டும் அந்த வரிசையில் இடமில்லை.

நாமும் அந்தச் சொல்லை அந்த வாடையோடேதான் வாங்கிக்கொண்டிருக்கிறோம். 2017 மே மாதம் ரஜினிகாந்த் தம் ரசிகர்களிடையே பேசும்போது சிஸ்டம் கெட்டுப்போயிருக்கிறது என்றார். அது ஊரெல்லாம் பரவியது, கேலிக்கும் ஆளானது. எந்த சிஸ்டம், கெடுத்தது யார் என்ற விவரம் இல்லாமலே அது எல்லோருக்கும் புரிந்தது. இந்தச் சொல்லின் பலமும் அதுதான், வம்பும் அதுதான்.

2. சிவப்பு நாடா கைமாறிய கதை

அமைப்பைப் பற்றிய ஆங்கிலத் தொடர்களில் தமிழர் வீடு வரை வந்துவிட்டது 'ரெட் டேப்'. 'சிவப்பு நாடா' என்று நம் பத்திரிகைகள் எழுதுகின்றன; படிப்பவர் யாரும் தடுமாறுவதில்லை. நாடா உண்மையில் இருந்த பொருள். இங்கிலாந்தில் அரசு ஆவணங்களையும் வழக்குக் கட்டுகளையும் சிவப்பு நிறத் துணி நாடாவால் கட்டி வைப்பது நூற்றாண்டுக் கணக்கான வழக்கம். கட்டினால் பத்திரம். பத்திரமாக இருப்பது எளிதில் வெளியே வராது. ஏளனம் அந்த இடத்தில்தான் நுழைந்தது.

ஏளனத்தைக் கூர் தீட்டியவர்களில் முதன்மையானவர் சார்லஸ் டிக்கன்ஸ். 1854-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் கிரிமியப் போர்முனையில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் எதிரியின் குண்டுக்குச் செத்ததைவிட நோய்க்கும் குளிருக்கும் செத்தது அதிகம். வறுக்காத பச்சைக் காப்பிக்கொட்டையை அனுப்பி வைத்தார்கள். வறுக்கவும் வழியில்லை, அரைக்கவும் வழியில்லை. பொருள் இருந்தது, கப்பலும் இருந்தது. ஒன்றை மற்றொன்றோடு சேர்த்துவைக்கும் ஆள் இல்லை. இந்தக் கோபத்தில் நிர்வாகச் சீர்திருத்தச் சங்கம் பிறந்தது. 1855 ஜூன் 27 அன்று லண்டன் டுரூரி லேன் நாடக அரங்கில் அதன் கூட்டத்தில் டிக்கன்ஸ் பேசினார்.

அன்று அவர் சொன்ன கதை கணக்குக் குச்சிகளைப் பற்றியது. இங்கிலாந்தின் கருவூலம் இடைக்காலம் தொட்டு மரக்குச்சியில் வெட்டுப் போட்டுக் கணக்கு வைத்திருந்தது. காகிதமும் எழுத்தும் பெருகிய பிறகும் குச்சி போகவில்லை. 1826-இல்தான் அது ஒழிந்தது. மிஞ்சிய பழைய குச்சிகளை என்ன செய்வது? குளிரில் வாடும் ஏழைகளுக்கு விறகாகக் கொடுத்திருக்கலாம். 1834 அக்டோபர் 16 அன்று, பிரபுக்கள் சபையின் அடித்தளத்தில் இருந்த அடுப்புகளில் அவற்றைத் திணித்து எரித்தார்கள். அடுப்புத் தீ கட்டடத்தைப் பிடித்தது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் எரிந்தன. பழைய வழக்கத்தைக் கட்டி அழுதால் கடைசியில் வீடே எரியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி டிக்கன்ஸுக்குத் தேவைப்படவில்லை. 1855 டிசம்பரில் வெளிவரத் தொடங்கிய 'லிட்டில் டோரிட்' நாவலில், ஒரு காரியத்தை எப்படிச் செய்யாமலிருப்பது என்பதையே கலையாக வளர்த்துக்கொண்ட ஓர் அரசு அலுவலகத்தைப் படைத்தார். புதிய கண்டுபிடிப்பை நாட்டுக்குத் தர வரும் எந்திரவியலாளர் அந்த அலுவலகத்தில் குற்றவாளி போல நடத்தப்படுகிறார்.

டிக்கன்ஸ் காலத்து நாடா யாருடைய கழுத்தை இறுக்கியது? சிப்பாய், மனுதாரர், கண்டுபிடிப்பாளர். அரசிடமிருந்து வரவேண்டியது வராமல் காத்துக் கிடந்தவர்கள். தொடர் அவர்களுடைய ஆயுதம்.

நாடா கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. ஃபைல் நகரவில்லை என்று நாம் சொல்லும்போது, தானாக நகரக் கூடிய உயிருள்ள ஒன்றாக அதைப் பார்க்கிறோம். அந்தக் காகிதப் பெருக்கத்துக்கு ஆங்கிலத்திலேயே புதுப்பெயர் சூட்டியவர் ஒரு தமிழர். 1959-இல் சென்னையில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியபோது ராஜாஜிக்கு வயது 80. தொழில் தொடங்க, பொருள் தருவிக்க, உற்பத்தியைக் கூட்ட ஒவ்வொன்றுக்கும் அரசின் சீட்டு வேண்டியிருந்த நிலையை 'பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்' என்று சாடினார். கட்டமைப்பை நுட்பமாகக் கவனித்தால் இது நல்ல தொடர். அதில் மூன்று காகிதங்கள் இருக்கின்றன, மூன்றும் ஒருவர் கையெழுத்திட வேண்டியவை. கடைசியில் இருக்கும் 'ராஜ்', கையெழுத்திடுகிறவர் ஆளுகிறவர் என்று காட்டிக் கொடுக்கிறது. பழியின் முகவரி தொடருக்குள்ளேயே எழுதியிருக்கிறது.

இனிக் கைமாறிய கதை. 2011-இல் பிரிட்டிஷ் அரசு 'ரெட் டேப் சேலஞ்ச்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. தொழில் நிறுவனங்களுக்குத் தொல்லையான விதிகள் எவை, எவற்றை ரத்து செய்யலாம் என்று கேட்டது. ஒரு புது விதி வந்தால் ஒரு பழைய விதி போக வேண்டும் என்று கொள்கை வகுத்தது; 2013-இல் ஒன்றுக்கு இரண்டு என்றும் 2016-இல் ஒன்றுக்கு மூன்று என்றும் கெடுபிடியைக் கூட்டியது. இப்போது நாடாவால் கட்டுண்டு தவிப்பவர் யார்? நிறுவனங்கள். நாடா எது? அவற்றைக் கட்டுப்படுத்தும் பாதுகாப்பு விதிகளும் அதில் அடக்கம். டிக்கன்ஸின் சிப்பாய்க்கு உரியது வந்து சேராமல் தடுத்தது ஒரு நாடா. குடியிருப்பவனுக்கும் தீக்கும் நடுவே நிற்பது இன்னொரு நாடா. இரண்டுக்கும் ஒரே பெயர்.

2009-இல் லண்டனின் லக்கனால் ஹவுஸ் குடியிருப்பில் தீப்பிடித்து 6 பேர் இறந்தார்கள். கட்டடத் தீப்பாதுகாப்பு வழிகாட்டுதலைத் திருத்தித் தெளிவாக்குங்கள் என்று மரண விசாரணை அதிகாரி 2013-இல் அரசைக் கேட்டுக்கொண்டார். திருத்தம் வரவில்லை. 2017 ஜூன் 14 அன்று லண்டனின் 24 மாடி கிரென்ஃபெல் டவர் குடியிருப்பு எரிந்தது. 72 பேர் இறந்தார்கள். 2024 செப்டம்பரில் வெளிவந்த விசாரணைக் குழுவின் இரண்டாம் அறிக்கை, எரியும் தன்மையுள்ள உறைப் பலகைகளை விற்றவர்களின் நேர்மையின்மையை விரிவாக எடுத்து வைத்தது. கூடவே, விதிகளைக் குறைக்கும் ஆர்வம் பொறுப்பான அமைச்சகத்தை எந்த அளவுக்கு ஆட்கொண்டிருந்ததென்றால், உயிர்ப் பாதுகாப்பைத் தொட்ட விஷயங்கள்கூடத் தள்ளிப்போடப்பட்டன, கண்டுகொள்ளப்படவில்லை என்றும் முடிவு கூறியது.

ஒரு சொல்லா கட்டடத்தை எரித்தது என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் ஒரு விதியை 'விதி' என்று சொன்னால் அது எதற்காக இருக்கிறது என்ற கேள்வி வரும். 'நாடா' என்று சொல்லிவிட்டால் கத்தரிக்கோல் மட்டுமே நினைவுக்கு வரும்.

3. நீராவியும் பல்சக்கரமும்

பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகள் ஆங்கிலத்துக்கு எந்திரச் சொற்களை வாரி வழங்கின. அவற்றில் இரண்டு வகையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

'லெட் ஆஃப் ஸ்டீம்', 'சேஃப்டி வால்வ்' இரண்டும் கொதிகலனிலிருந்து வந்தவை. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டெனி பாப்பான் என்ற பிரெஞ்சு அறிஞர் எலும்பையும் வேகவைக்கும் அழுத்தக் கலம் ஒன்றைச் செய்து, அது வெடிக்காமலிருக்க ஒரு வால்வைப் பொருத்தினார். நம் வீட்டு குக்கருக்கும் அதன் வெயிட்டுக்கும் அதுவே மூதாதை. இந்த உருவகத்தை அரசியலுக்குக் கொண்டுவந்தால் மக்களின் கோபம் நீராவி ஆகிறது. அடுப்பை மூட்டியது யார் என்ற கேள்வி மறைந்து, கலம் வெடிக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்ற கேள்வி மட்டும் மிஞ்சுகிறது.

இந்திய வரலாற்றிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 1885-இல் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த ஹியூம் முதலானோர் காங்கிரசைத் தொடங்கியது, மக்கள் கொந்தளிப்புக்கு ஆபத்தில்லாத ஒரு வடிகால் அமைக்கத்தான் என்ற கருத்தை லாலா லஜபதி ராய் 1916-இல் 'யங் இந்தியா' நூலில் முன்வைத்தார். 'சேஃப்டி வால்வ்' கோட்பாடு என்று பள்ளிப் புத்தகம் வரை அது வந்துவிட்டது. பின்வந்த வரலாற்றாசிரியர்கள் பலர் அதை மறுத்தார்கள். ஆனாலும் விவாதம் வால்வா, இல்லையா என்ற வட்டத்துக்குள்ளேயே நெடுங்காலம் சுற்றியது. காங்கிரசின் முதல் கூட்டத்துக்குச் சென்ற வழக்கறிஞர்களும் பத்திரிகையாளர்களும் தமக்கென்று ஒரு நோக்கம் உள்ள மனிதர்கள் என்பது அந்தப் படத்தில் தெரிவதில்லை. நீராவிக்கு நோக்கம் கிடையாது.

அடுத்தது 'காக் இன் தி மெஷின்', எந்திரத்தில் ஒரு பல். 1936-இல் வந்த 'மாடர்ன் டைம்ஸ்' படத்தில் சாப்ளின் சக்கரங்களுக்குள் உருண்டு போகும் காட்சிக்குப் பிறகு இந்தத் தொடருக்கு விளக்கமே தேவையில்லாமல் போனது. தொழிலாளியின் வாயிலிருந்து வரும்போது இது முறையீடு: என்னை மனிதனாக நடத்தவில்லை என்கிறது. மேசைக்கு அந்தப்பக்கம் இருப்பவர் வாயிலிருந்து வரும்போது இதே தொடர் தற்காப்பு. 1961-இல் ஜெருசலேமில் விசாரிக்கப்பட்ட நாஜி அதிகாரி அடால்ஃப் ஐக்மனின் வாதம் அந்த வகை: கட்டளையிட்டது மேலிடம், நான் நிறைவேற்றியவன். அந்த விசாரணையை நேரில் கவனித்து எழுதிய ஹன்னா அரெண்ட் ஒரு விடை தந்தார். நீதிமன்றத்தில் நிற்பது எந்திரம் அல்ல, ஒரு மனிதன். நீ பல்லாக மட்டுமே இருந்தாய் என்றால், பல்லாக இருக்க ஏன் சம்மதித்தாய், ஏன் தொடர்ந்தாய் என்பதே அங்கே எழும் கேள்வி. நீதிமன்றம் செய்யும் பெரிய வேலை உருவகத்தைக் கலைப்பது என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம்.

4. தாத்தாவின் ஓட்டு

எந்திரத்தை விட்டு விதிகளுக்கு வருவோம். கைப்பேசி நிறுவனம் கட்டணத்தை உயர்த்துகிறது. பழைய வாடிக்கையாளருக்கு மட்டும் பழைய கட்டணம் தொடர்கிறது. அமெரிக்காவில் இதை 'கிராண்ட்ஃபாதர்டு இன்' என்பார்கள். கேட்க எவ்வளவு இனிமை! தாத்தா காலத்துச் சலுகை.

அந்தத் தாத்தா யார்? உள்நாட்டுப் போருக்குப் பின் அமெரிக்க அரசமைப்பின் 15-ஆவது திருத்தம் இனத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது. தென் மாநிலங்கள் சுற்றுவழி தேடின. லூசியானா 1898-இல் எழுத்தறிவுச் சோதனையும் சொத்துத் தகுதியும் கொண்டுவந்தது. அதோடு ஒரு விலக்கு: 1867 ஜனவரி 1-க்கு முன் எவருடைய தந்தையோ தாத்தாவோ வாக்களிக்கும் உரிமை பெற்றிருந்தாரோ அவருக்குச் சோதனை இல்லை. கறுப்பின மக்களின் தாத்தாக்களுக்கு அந்தத் தேதிக்கு முன் அங்கே வாக்குரிமை இல்லை. விதியில் நிறம் என்ற சொல்லே இல்லை. வேலையோ கச்சிதமாக முடிந்தது. லூசியானாவில் 1896-இல் 1,30,000-க்கும் மேல் இருந்த கறுப்பின வாக்காளர் எண்ணிக்கை 1904-இல் 1,342 ஆயிற்று. 1915-இல் ஓக்லஹாமா வழக்கொன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தகைய விதியைச் செல்லாது என்றது. விதி செத்தது, தொடர் பிழைத்தது. அதுவும் சலுகை பெற்றவன் பக்கத்து நினைவை மட்டும் வைத்துக்கொண்டு பிழைத்தது. 2020-இல் மாசசூசெட்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு நில வழக்கின் அடிக்குறிப்பில், இந்தச் சொல்லின் இனவெறித் தோற்றத்தைக் காட்டி இனி இதைப் பயன்படுத்துவதில்லை என்று எழுதியது.

இதற்கு நேர் எதிரான விதியுடையது 'கேட்ச்-22'. ஜோசப் ஹெல்லர் இரண்டாம் உலகப் போரில் இத்தாலிய வான்பரப்பில் குண்டுவீச்சாளராக 60 முறை பறந்தவர். 1961-இல் வெளியான அவருடைய நாவலில், பைத்தியம் பிடித்தவனுக்குப் பறப்பதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அவனே விண்ணப்பிக்க வேண்டும். ஆபத்துக்குப் பயந்து விண்ணப்பிக்கிறவன் தெளிவான புத்தியுள்ளவன். ஆகவே பறந்தாக வேண்டும். முதலில் வைத்த எண் 18. லியோன் யூரிஸின் 'மிலா 18' அதே ஆண்டு வந்ததால் 22 ஆனது. அந்த எண்ணுக்குத் தனிப்பொருள் எதுவும் இல்லாததே பொருத்தம். இத்தொடர் இன்றுவரை சிக்கிக்கொண்டவன் பக்கமே நிற்கிறது. விதி எழுதினவர்களால் இதைத் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ள முடியவில்லை. உள்ளே ஒரு முழுத் தருக்கம் மடித்து வைக்கப்பட்டிருப்பதே அதற்குக் காரணம் என்பது என் கருத்து. சொல்லும்போதெல்லாம் யார் யாரை மடக்கினார்கள் என்பது கூடவே வந்துவிடுகிறது.

5. தவறி விழுந்தவர்கள்

'பாஸ் தி பக்' என்றால் பொறுப்பை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவது. போக்கர் சீட்டாட்டத்தில் சீட்டுப் போடும் முறை யாருடையது என்று காட்டும் அடையாளப் பொருளுக்கு 'பக்' என்று பெயர். முறை வேண்டாதவர் அதை அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார். அதற்கு விடையாக, தள்ளல் இங்கே முடிகிறது என்ற பொருள்பட 'தி பக் ஸ்டாப்ஸ் ஹியர்' என்று எழுதிய பலகையை அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஹாரி ட்ரூமன் மேசையில் வைத்திருந்தார். அந்தப் பலகை செய்யப்பட்ட இடம் ஓக்லஹாமாவில் எல் ரெனோ என்னும் ஊரிலிருந்த மத்திய அரசின் சீர்திருத்தச் சிறை. 1945 அக்டோபரில் அது வெள்ளை மாளிகைக்கு அனுப்பப்பட்டது. பொறுப்பைப் பற்றிய உலகின் பேர்பெற்ற வாசகம், செய்ததற்குத் தண்டனை அனுபவிக்கும் இடத்திலிருந்து வந்தது என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

எல்லாத் தொடர்களும் அவ்வளவு நேராக நிற்பதில்லை. 'ஸ்லிப் த்ரூ தி நெட்', 'ஃபால் த்ரூ தி கிராக்ஸ்' என்ற இரண்டையும் பாருங்கள். வலையின் கண் வழியே நழுவுவது. பலகையின் இடுக்கில் விழுவது. அமைப்பு கவனிக்கத் தவறிய குழந்தை, நோயாளி, முதியவர் பற்றிச் சொல்பவை. இலக்கணத்தைப் பாருங்கள். நழுவுவது யார்? குழந்தை. விழுவது யார்? நோயாளி. வினையெல்லாம் பாதிக்கப்பட்டவர் செய்தது. வலையை நெய்தவரும் இல்லை, பிடித்திருந்தவரும் இல்லை.

2000 பிப்ரவரியில் லண்டனில் விக்டோரியா கிளிம்பி என்ற 8 வயதுச் சிறுமி இறந்தாள். ஐவரி கோஸ்ட்டிலிருந்து, நல்ல படிப்புக்கென்று உறவுக்காரப் பெண்ணோடு அனுப்பப்பட்டவள். உடம்பில் 128 காயங்கள். அந்தப் பெண்ணும் அவளோடு வாழ்ந்தவனும் கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றார்கள். குழந்தை கண்ணுக்குத் தெரியாமல் எங்கும் ஒளிந்திருக்கவில்லை. சமூக நலத்துறை, காவல்துறை, மருத்துவமனைகள் எல்லாம் அவளை அறிந்திருந்தன. லார்ட் லேமிங் தலைமையில் நடந்த விசாரணை 2003-இல் அறிக்கை தந்தது: தலையிட்டு அவளைக் காப்பாற்றியிருக்கக் கூடிய தருணங்கள் குறைந்தது 12. ஒரு வலையின் ஒரே கண்ணில் 12 முறை யாரும் நழுவ மாட்டார்கள். 12 முறை ஒரு கை நீளாமல் இருந்திருக்கிறது. மேலதிகாரிகளில் சிலர் பொறுப்பைத் தட்டிக்கழித்ததை லேமிங் வெளிப்படையாகவே கண்டித்தார்.

6. தலைகீழான பழமொழி

ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் என்போம் நாம். ஆங்கிலேயர் அழுகின ஆப்பிளைச் சொல்வார்கள். 14-ஆம் நூற்றாண்டிலேயே சாசரின் 'கேன்டர்பரி கதைக'ளில் இந்தக் கருத்து உண்டு: ஒன்று அழுகினால் மற்றவற்றையும் அழுகவைக்கும், எடுத்து வெளியே போடு. அறிவியலும் அதற்குத் துணை நிற்கிறது. பழுத்து அழுகும் ஆப்பிளிலிருந்து எத்திலீன் வாயு கசிந்து பக்கத்துப் பழங்களைச் சீக்கிரம் பழுக்க வைக்கும். ஆக, பழமொழியின் கவலை கூடையைப் பற்றியது.

இன்றைக்கு ஓர் அமைப்பின் பேச்சாளர் 'எ ஃப்யூ பேட் ஆப்பிள்ஸ்' என்கிறார். சில அழுகல்கள் மட்டும். கூடை நன்றாக இருக்கிறது என்று பொருள்! 2004-இல் ஈராக்கின் அபு கிரைப் சிறையில் கைதிகள் வதைக்கப்பட்ட படங்கள் வெளிவந்தபோது அமெரிக்க அதிகாரிகள் பக்கத்திலிருந்து ஒலித்த விளக்கம் இதுவே. காவல்துறையினரின் குற்றங்கள் அம்பலமாகும்போதெல்லாம் இதையே கேட்கிறோம். பழமொழியின் முதல் பாதியை வைத்துக்கொண்டு, மற்றதும் அழுகும் என்ற பின்பாதியை வெட்டிவிட்டார்கள். எச்சரிக்கையாகப் பிறந்தது நற்சான்றிதழ் ஆகிவிட்டது.

அந்தப் பின்பாதியை மீண்டும் ஒட்டவைத்தது 2023 மார்ச்சில் வந்த கேசி அறிக்கை. லண்டன் மாநகரக் காவல்துறையைச் சேர்ந்த ஒருவர் 2021-இல் ஓர் இளம்பெண்ணைக் கடத்திக் கொன்றதை அடுத்து அமைக்கப்பட்டது லூயிஸ் கேசியின் ஆய்வு. இனவெறியும் பெண் வெறுப்பும் ஒருபாலீர்ப்பாளர் மீதான வெறுப்பும் அந்தத் துறையில் நிறுவனத்தோடே ஊறியிருக்கின்றன என்று அவர் முடிவு கூறினார். தனி ஆளைப் பிடித்தால் போதாது, கூடையைப் பார் என்று சொல்லும் இடமும் உண்டு. பல்சக்கரத்தில் மனிதனைத் தேடினோம். இங்கே மனிதனைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. ஒரு தொடர் பழியை எந்தப் பக்கம் தள்ளினாலும், தள்ளுகிறவருக்கு அதில் என்ன லாபம் என்று பார்ப்பதே வழி.

7. கம்ப்யூட்டர் சொன்னால் சரி

2000-களில் பிபிசி ஒளிபரப்பிய 'லிட்டில் பிரிட்டன்' நகைச்சுவைத் தொடரில் ஓர் அலுவலகப் பெண்மணி வருவார். வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் விசைப்பலகையைத் தட்டிவிட்டு, முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் 'கம்ப்யூட்டர் சேஸ் நோ' என்பார். அது பிரிட்டனில் பழமொழியாகவே ஆகிவிட்டது. நமக்கும் இது புதிதல்ல. வங்கியிலும் பதிவு அலுவலகத்திலும் "சர்வர் டவுன் சார்", "சிஸ்டம் எடுக்க மாட்டேங்குதும்மா" என்ற குரலைக் கேட்காதவர் இந்த அரங்கில் இருக்க மாட்டார்கள்.

மக்கள் அந்த நகைச்சுவையைப் பார்த்துச் சிரித்த அதே ஆண்டுகளில், அதே நாட்டில், சிரிக்க முடியாத ஒன்று நடந்துகொண்டிருந்தது. பிரிட்டிஷ் அஞ்சல் நிறுவனம் 1999 முதல் தன் கிளைகளில் 'ஹொரைசன்' என்ற கணினிக் கணக்கு முறையைப் புகுத்தியது. மென்பொருள் ஃபுஜிட்சு நிறுவனத்துடையது. கிளைகளை நடத்தியவர்கள் பெரும்பாலும் கடையோடு சேர்த்து அஞ்சலகம் வைத்திருந்த சாதாரண மனிதர்கள். இந்திய வம்சாவளியினர் பலர். மாலையில் கணக்கு முடிக்கும்போது, உண்மையில் நேராத பணக் குறைவைத் திரை காட்டும். உதவி எண்ணுக்கு அழைத்தால், வேறு யாருக்கும் இப்படி இல்லை, உங்களுக்கு மட்டும்தான் என்ற பதில் வந்ததாகப் பலரும் சாட்சி சொன்னார்கள். குறைந்ததைச் சொந்தப் பணத்தில் கட்டினார்கள், வீட்டை விற்றார்கள். 1999-க்கும் 2015-க்கும் இடையில் 900-க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு என்ற குற்றங்களுக்குத் தண்டிக்கப்பட்டார்கள். வயிற்றுப் பிள்ளையோடு சிறைக்குப் போனவரும் அவர்களில் உண்டு. சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள்.

இங்கிலாந்துச் சட்டத்தில் அப்போது ஒரு மாற்றமும் நடந்திருந்தது. கணினிச் சான்றைக் கொண்டுவருபவர் அது சரியாக இயங்கியதென்று காட்ட வேண்டும் என்ற பழைய பிரிவு 1999 சட்டத்தால் நீக்கப்பட்டது. தவறென்று காட்டும்வரை கணினி சரி என்ற அனுமானம் அந்த இடத்துக்கு வந்தது. தவறென்று காட்டத் தேவையான பதிவேடுகள் குற்றம் சாட்டியவர் கையில். இது அசல் கேட்ச்-22.

555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில் 2019 டிசம்பரில் நீதிபதி ஃப்ரேசர் ஹொரைசனில் பிழைகள் இருந்தன என்று தீர்ப்பளித்தார். 2021-இல் 39 பேரின் தண்டனைகளை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சி நாடகம் நாட்டையே உலுக்கிய பிறகு, அதே ஆண்டு மே மாதம் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி நூற்றுக்கணக்கான தண்டனைகளை ஒரே வீச்சில் நீக்கியது. இத்தனை ஆண்டுகளும் அதைப் பற்றி வழங்கிய சொற்கள் 'பக்', 'கிளிட்ச்', அதாவது சிறு பூச்சி, சிறு தடங்கல். பூச்சியை யாரும் கூண்டில் ஏற்ற முடியாது. பிழை இருப்பதை அறிந்தும் நீதிமன்றத்தில் மறைத்தவர்கள் பூச்சிகள் அல்ல.

8. தன்வினையும் பிறவினையும்

நான் பார்த்த தொடர்களில் இருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. அமைப்பைப் பற்றிய தொடர்கள் பெரும்பாலும் அதன் அடியில் மாட்டிக்கொண்டவர்களிடமிருந்தும் அவர்களுக்காகப் பேசியவர்களிடமிருந்தும் வருகின்றன. சில காலம் கழித்து அமைப்பை நடத்துகிறவர்கள் அவற்றை எடுத்துக்கொள்கிறார்கள். நாடாவும் பல்சக்கரமும் ஆப்பிளும் அந்த வழியில் போனவை. இரண்டாவது, கைமாறும்போது தொடரின் வடிவம் அப்படியே இருக்கும், அதிலுள்ள எழுவாய் மட்டும் மாறும் அல்லது காணாமல் போகும்.

இதைக் கண்டுபிடிக்கத் தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. விலகு, விலக்கு. அடங்கு, அடக்கு. திருந்து, திருத்து. ஓர் எழுத்து மாறினால் தானாக நடந்தது ஒருவர் நடத்தியதாகிவிடும். தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்தது. ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கும் மாணவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: 'குழந்தை விடுபட்டுவிட்டது' என்று உங்கள் பேனா எழுதும்போது நிறுத்தி, 'விட்டுவிட்டார்கள்' என்று எழுத ஆதாரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அப்படியே எழுதுங்கள். இல்லாவிட்டால் தேடுங்கள்.

லேமிங் அறிக்கையும் கேசி அறிக்கையும் ஏறத்தாழ 1,700 பக்கங்கள் கொண்ட கிரென்ஃபெல் இரண்டாம் அறிக்கையும் இலக்கண அடிப்படையில் செய்தது ஒரே வேலை. தன்வினையில் வந்து சேர்ந்த வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்து, தேதியும் பதவியும் பெயரும் சேர்த்து, பிறவினையாக மாற்றி வைத்தன. அதற்கு ஆண்டுக்கணக்கில் பொறுமையும் ஆயிரக்கணக்கான ஆவணங்களும் தேவைப்பட்டன. முதல் நாளே செய்தி எழுதுபவர் சரியான வினைச்சொல்லைத் தேர்ந்தெடுத்தால் அந்த வேலையில் ஒரு சிறு பங்கு அன்றைக்கே முடிந்துவிடும். இங்கே இருக்கும் மாணவர்கள் அதைச் செய்வார்கள் என்று நம்புகிறேன்.